கட்டினவருக்கு மட்டும் சொல்லாதே

டவுன்டன் அபே மாளிகையில் ஒரு ரகசியம் பிறந்தால், முதலில் தெரிவது அடுப்பு மூட்டும் சிறுமிக்கு. அப்புறம் சமையல்காரம்மா, ஹவுஸ்கீப்பர் அம்மாள், லண்டனில் இருக்கும் அத்தை, பத்திரிகை முதலாளி, அந்நிய நாட்டுத் தூதர் என்று அது ஊர்வலம் போகும். எல்லாரும் ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று சத்தியம் செய்திருப்பார்கள். அந்தச் சத்தியத்தை ஒரே ஒருவர் விஷயத்தில் மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றுவார்கள். அவர் கட்டின புருஷன், இல்லையென்றால் கட்டின பெண்டாட்டி.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ஜூலியன் ஃபெலோஸ் உருவாக்கி எழுதியது. பிரிட்டனின் ஐடிவியில் 2010 முதல் 2015 வரை ஆறு சீசன்கள், 52 எபிசோடுகள். 1912இல் டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு தொடங்கி, 1926 பிறக்கும்போது முடிகிறது. கதைப்படி வீடு யார்க்‌ஷயரில். படம் பிடித்தது ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஹைகிளியர் கோட்டையில். மேலே கிரந்தம் பிரபு, அவர் மனைவி, மூன்று பெண்கள். கீழே அவர்களுக்குச் சமைத்து, துவைத்து, பித்தான் போட்டுவிட ஒரு பட்டாளம். தன் சட்டைக்குத் தானே பித்தான் போடத் தெரியாத மனிதர்கள் தன் மனதைத் தானே திறந்து பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பதே நம் தவறு.

எங்கள் வீட்டில் இதை மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தோம். என் வீட்டுக்காரர், கீழ்த்தளத்து ஜோடியான பேட்ஸ்–அன்னா கட்சி. நான், மேல்தளத்து ஜோடியான மேரி–மேத்யூ கட்சி. மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் கதை அவருக்குத்தான் தெளிவாகப் புரிந்தது.

தகராறு எளிமையானது. ‘ஒருத்தரை ஒருத்தர் நம்புறதுன்னா பேட்ஸையும் அன்னாவையும் பாரு’ என்பார் இவர். ‘நம்புறாங்க சரி, என்னைக்காவது ஒருத்தர்கிட்ட ஒருத்தர் உண்மை பேசினாங்களா?’ என்பேன் நான். அவர் டீவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். ‘ரெண்டும் ஒண்ணுதானேம்மா?’

அங்கேதான் சிக்கல். ரெண்டும் ஒன்றே இல்லை.

முதலில் என் கட்சிக்காரர்களையே எடுத்துக்கொள்கிறேன். பமுக் என்று ஒரு துருக்கி அதிகாரி, மன்மதன் மாதிரி இருப்பவர், விருந்துக்கு வருகிறார். நள்ளிரவில் மூத்த பெண் மேரியின் அறைக்குள் அழையா விருந்தாளியாக நுழைகிறார். விடிவதற்குள் அங்கேயே உயிரை விடுகிறார். மேரி, அவள் அம்மா கோரா, பணிப்பெண் அன்னா என்று மூன்று பெண்களும் இரவோடிரவாகப் பிணத்தைச் சுமந்து, நீண்ட வராந்தாவைக் கடந்து, அவருடைய கட்டிலிலேயே கிடத்திவிட்டு வருகிறார்கள். அடுப்பு மூட்டும் டெய்சி அதைப் பார்த்துவிடுகிறாள். ‘அவ்வளவு பெரிய வீட்டுல ஒரு கதவுக்குக்கூடவா தாழ்ப்பாள் போடல?’ என்றார் மாமியார். தொடரைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களிலேயே கூர்மையானது அதுதான்.

அதற்கப்புறம் ரகசியம் ஊர் சுற்றக் கிளம்புகிறது. தங்கை ஈடித், அக்கா மேல் இருக்கும் பாசத்தால் துருக்கித் தூதருக்கே கடிதம் எழுதிவிடுகிறாள். பேட்ஸின் முதல் மனைவி வெராவின் காதுக்கும் போகிறது. அவள் அதை வைத்து மிரட்டுகிறாள். சர் ரிச்சர்ட் கார்லைல் என்ற பத்திரிகை முதலாளி அவளிடமிருந்து கதையை விலைக்கு வாங்கிப் பூட்டி வைக்கிறார். பிறகு அந்தச் சாவியைக் காட்டியே மேரியைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறார். பமுக் செத்தது உலகப் போருக்கு முன்னால். மேத்யூவிடம் மேரி வாய் திறப்பது போரெல்லாம் முடிந்து, ஸ்பானிஷ் காய்ச்சலும் வந்துபோன பிறகு.

அவ்வளவு வருடம் பயந்து பயந்து மறைத்ததைச் சொன்னதும் என்ன ஆனது? வானம் இடிந்து விழவில்லை. மேத்யூ ஒரு கணம் திகைக்கிறான். கொஞ்ச நாளில் கொட்டும் பனியில் மண்டியிட்டு, என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்கிறான். அப்பா ராபர்ட்டோ, பேசாமல் அமெரிக்காவுக்குப் போ, ஒரு கௌபாயைப் பிடித்துக்கொண்டு வா, நாங்களும் கொஞ்சம் விழித்துக்கொள்கிறோம் என்கிற தொனியில் பேசி மகளுக்கு வழிவிடுகிறார். பல வருடத்து இருமலுக்கு ஒரு வேளை மிளகுக் கஷாயம் போதும் என்பது போல, விஷயம் தீர்ந்துவிட்டது.

ஆக, என் கட்சியில் உண்மை உண்டு. நம்பிக்கை? அதைத்தான் கேட்காதீர்கள்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் மேத்யூவுக்கு ஒரு பெரிய சொத்து வருகிறது. முன்பு அவனுக்கு நிச்சயமாகியிருந்த லவீனியா காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவள் அப்பா தன் பணத்தை இவனுக்கு எழுதிவைத்துவிட்டுப் போகிறார். மாளிகையோ கடனில் மூழ்கிக்கொண்டிருக்கிறது. மேத்யூ, அந்தப் பெண்ணின் மனதை உடைத்தவன் நான், அவள் பணம் எனக்கு வேண்டாம் என்று தர்மராஜா மாதிரி நிற்கிறான். அவள் அப்பா எழுதிய கடிதத்தைப் பிரிக்கக்கூட மறுக்கிறான். மேரி பிரித்துப் படிக்கிறாள். சாவதற்கு முன் லவீனியா அப்பாவுக்கு எழுதினாள், இவனை மன்னித்துவிட்டாள் என்று அதில் இருக்கிறது. உடனே இவனுக்கு ஒரு சந்தேகம்: சாகக் கிடந்தவள் எப்போது எழுதினாள், யார் தபாலில் போட்டது, யாராவது ஜோடித்த கடிதமோ? படித்துக் காட்டியவள் மனைவி. அந்த ‘யாராவது’ யார் என்று தனியாகச் சொல்லவேண்டுமா? கடைசியில் கீழ்த்தளத்துக்குப் போய் விசாரிக்கிறார்கள். கடிதத்தை நான்தான் தபாலில் போட்டேன் என்கிறாள் ஒருத்தி. வேறு யார், டெய்சிதான். படுக்கையறையில் கிடைக்காத நம்பிக்கையை அந்த வீட்டில் சமையலறையில் போய்த்தான் கடன் வாங்கவேண்டும்.

இதற்கு மேல் ஒன்று உண்டு. குழந்தை தங்கவில்லையே என்று இருவருக்கும் கவலை. மனைவியிடம் சொல்லாமல் மேத்யூ லண்டனில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போகிறான். அங்கே ‘மிஸஸ் லெவின்சன்’ என்ற பெயரில் சிகிச்சைக்கு வந்திருக்கும் பெண் யார் என்று பார்த்தால், மேரி! அம்மா வீட்டுக் குடும்பப் பெயரைப் போட்டுக்கொண்டு அதே டாக்டரிடம் வந்திருக்கிறாள். ஒரே கவலை, ஒரே டாக்டர், ஆனால் ரயிலில் சேர்ந்து போகத் தோன்றவில்லை. அந்தக் காட்சியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ‘உன் கட்சி’ என்று மட்டும் சொன்னார் இவர்.

இனி அவர் கட்சி. ராணுவத்தில் ராபர்ட்டுக்குப் பணியாளாக இருந்து, காலில் காயத்தோடு கைத்தடி ஊன்றி வந்து, இப்போது அவருக்குக் கோட்டு மாட்டிவிடும் வேலட் ஜான் பேட்ஸ். தங்கமான மனிதர் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அந்தத் தங்கத்துக்கு ஒரு வியாதி: யாருடைய குற்றத்தையாவது தன் தலையில் போட்டுக்கொள்ளாவிட்டால் தூக்கம் வராது. படைப்பிரிவின் வெள்ளிச் சாமான்களைத் திருடியது முதல் மனைவி வெரா. ஜெயிலுக்குப் போனவர் இவர். அன்னா கேட்டால் வாயைத் திறக்கமாட்டார். அவள் லண்டன் போனபோது அவருடைய அம்மாவைத் தேடிப்பிடித்து விஷயத்தைத் தெரிந்துகொள்கிறாள். காதலன் மறைத்த நல்ல குணத்தை வருங்கால மாமியாரிடம் போய்க் கண்டுபிடித்த பெண் வேறு எந்தத் தொடரிலாவது உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பிறகு வெரா எலி விஷத்தில் சாகிறாள். அந்த விஷத்தை வாங்கியது பேட்ஸ். அன்னாவைக் கட்டிக்கொண்ட கையோடு கைதாகிறார். கோர்ட்டில் அவருக்கு வேண்டப்பட்ட ராபர்ட்டும் ஹவுஸ்கீப்பர் மிஸஸ் ஹியூஸும் சாட்சிக் கூண்டில் ஏறி, கேள்விக்குப் பதிலாக உண்மையை மட்டுமே சொல்கிறார்கள். அந்த உண்மையே தூக்குத் தண்டனை வாங்கித் தருகிறது. அது ஆயுள் தண்டனையாகக் குறைந்ததும், வெரா தன் கையாலேயே விஷம் வைத்துப் பண்டம் செய்தாள் என்பதை அன்னா அலைந்து திரிந்து நிரூபித்ததும் தனிக் கதை. இவ்வளவிலும் அன்னாவின் நம்பிக்கை ஒரு இம்மி குறையவில்லை. ‘பாத்தியா?’ என்றார் இவர். பார்த்தேன். இவ்வளவு நம்பும் மனைவியிடம் முன்கூட்டியே நாலு வார்த்தை பேசியிருந்தால் என்ன என்றும் பார்த்தேன்.

அடுத்து வருவதில் சிரிக்க எதுவுமில்லை. விருந்தாளியாக வந்த ஒரு பிரபுவின் வேலட், கிரீன் என்பவன், அன்னாவைப் பலாத்காரம் செய்கிறான். கணவனுக்குத் தெரிந்தால் அவனைக் கொன்றுவிட்டு இவர் தூக்குமேடைக்குப் போவார் என்று அவள் வாயை மூடிக்கொள்கிறாள். மிஸஸ் ஹியூஸுக்கு மட்டும் தெரியும். பேட்ஸ் வற்புறுத்திக் கேட்கும்போது அந்த அம்மாள், வெளியாள் யாரோ புகுந்துவிட்டான் என்று சொல்லிச் சமாளிக்கிறார். அன்னாவின் மௌனத்தை நான் எந்தக் கட்சியிலிருந்தும் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மௌனத்தில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது: என் கணவன் கொலை செய்யக்கூடியவன். உயிரைக் கொடுக்கும் அளவு நம்புகிறாள்; அவர் கையை மட்டும் நம்பவில்லை.

கொஞ்ச நாளில் கிரீன் லண்டனில் பிக்கடில்லியில் வண்டியில் அடிபட்டுச் சாகிறான். அன்றைக்குப் பேட்ஸ் லீவு. யார்க் நகரத்துக்குப் போனேன் என்கிறார். அன்னா கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. பிறகு அவருடைய பழைய கோட்டின் பையிலிருந்து லண்டனுக்கு எடுத்த ரயில் டிக்கெட் ஒன்று மிஸஸ் ஹியூஸ் கையில் கிடைக்கிறது. அவர் அதை மேரியிடம் கொடுக்கிறார். மேரி யோசிக்கிறாள், வேல்ஸ் இளவரசரின் காதல் கடிதத்தைத் திருடனிடமிருந்து மீட்டுக் கொடுத்த நல்லவர் பேட்ஸ் என்பது நினைவுக்கு வருகிறது, டிக்கெட்டை நெருப்பில் போட்டுவிடுகிறாள். ஆஹா, என்ன விசுவாசம் என்று எங்கள் வீட்டில்கூடக் கைதட்டினோம்.

அப்புறம்தான் தெரிகிறது. பேட்ஸ் லண்டன் டிக்கெட் வாங்கினார். மனம் மாறிப் போகவில்லை. போகாததால் டிக்கெட் கிழிபடவில்லை. கிழியாத அந்த டிக்கெட்தான் அவர் நிரபராதி என்பதற்கு இருந்த ஒரே ஆதாரம். அவரைக் காப்பாற்றுவதற்காகவே அதை எரித்திருக்கிறார்கள்! செய்யாத கொலையை மறைக்க இத்தனை நல்லவர்கள் இவ்வளவு பாடுபட்டதாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த உண்மை கணவன் மனைவிக்குள் வெளியே வந்த விதம் இன்னும் விசேஷம். மேத்யூ இறந்துபோன பிறகு, மறுமணத்துக்கு முன்பே ஒரு பிரபுவோடு ஒரு வாரம் தங்கிப் பார்க்க நினைக்கும் மேரி, கருத்தடைச் சாதனம் ஒன்றை அன்னாவை விட்டு வாங்கச் சொல்லி, அதை அவள் வீட்டிலேயே ஒளித்து வைக்கவும் சொல்கிறாள். கூடவே, 1918இல் வெளிவந்து பிரிட்டனை ஒரு கலக்குக் கலக்கிய மேரி ஸ்டோப்ஸின் தாம்பத்தியப் புத்தகம். பேட்ஸ் கண்ணில் இரண்டும் படுகின்றன. கொலைகாரனுக்குப் பிள்ளை பெற மனைவிக்கு விருப்பமில்லை என்று தானாகவே முடிவுகட்டி உள்ளுக்குள் குமைகிறார். ஒருநாள் தாங்கமாட்டாமல் கேட்டுவிடுகிறார். அப்போதுதான் இருவரும் முதன்முறையாக உட்கார்ந்து பேசுகிறார்கள். டிக்கெட் கதையும் வெளியே வருகிறது. இத்தனை வருடத்துத் தெய்விகக் காதலால் திறக்க முடியாத வாயை, அடுத்தவளின் கருத்தடைச் சாதனம் திறந்துவிட்டது.

திருந்தினார்களா? கிரீன் கொலைக்காக அன்னா கைதானதும் பேட்ஸ், கொன்றது நான்தான் என்று எழுதிவைத்துவிட்டு அயர்லாந்துக்குக் கிளம்பிவிடுகிறார். பாவம், கூட வேலை செய்யும் மோல்ஸ்லியும் பேக்ஸ்டரும் அவருடைய புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு அவரைப் பார்த்தவர் யாராவது உண்டா என்று யார்க் நகரத்து மதுக்கடைகளை ஒன்றுவிடாமல் ஏறி இறங்குகிறார்கள். பின்னால் இன்னொரு பெண், நான்தான் தள்ளினேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே இந்த வீட்டுக்காரர்கள் தியாகத்தை நிறுத்துகிறார்கள்.

இங்கே எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தத் தொடரில் வெட்கப்பட்டு மறைத்தவர்கள் ஒருநாள் உடைத்துச் சொல்லிவிட்டுத் தப்பித்துவிடுகிறார்கள். அடுத்தவர் நன்மைக்காக மறைத்தவர்கள்தான் வரிசையாக ஜெயிலுக்குப் போகிறார்கள். தனக்காகச் சொல்லும் பொய் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும். என்றைக்காவது வெளியே வந்துவிடும். தியாகப் பொய் உறுத்தாது. சொன்னவருக்கு அது பதக்கம் மாதிரி. பதக்கத்தை யார் கழற்றுவார்கள்?

இந்த விதியை மற்ற ஜோடிகள் மேலும் வைத்துப் பார்த்தேன். ராபர்ட் தன் மனைவி கோரா கொண்டுவந்த அமெரிக்கச் சீர்ப்பணத்தை ஏறக்குறைய முழுசாகக் கனடாவின் கிராண்ட் டிரங்க் ரயில்வேயில் போட்டுத் தொலைத்தவர். அந்த ரயில்வேயின் தலைவர் சார்லஸ் ஹேஸ் 1912இல் டைட்டானிக்கோடு மூழ்கியது நிஜ வரலாறு. கதைப்படி இந்த வீட்டின் வாரிசும் அதில்தான் போனார்; ஆக, வாரிசையும் வருமானத்தையும் ஒரே கப்பல் கவிழ்த்திருக்கிறது. சொத்து போனதை ராபர்ட் மனைவியிடம் நேராகச் சொன்னார். அவள் நேராக மன்னித்துவிட்டாள். வேலைக்காரி ஜேனை முத்தமிட்டதைச் சொல்லவில்லை. பிறகு பிரிக்கர் என்ற ஓவிய நிபுணர் கோராவின் அறைக்குள் நுழைந்தபோது, அவரை அடித்துப் புரட்டிவிட்டு, கோபித்துக்கொண்டு வேறு அறையில் படுக்கிறார். நீங்கள் யாரோடும் எல்லை மீறிப் பழகியதே இல்லையென்றால் அங்கேயே படுங்கள் என்கிறாள் கோரா. இல்லையென்றால் இன்றிரவு இங்கே வரவேண்டுமாம். ராபர்ட் தலையணையைத் தூக்கிக்கொண்டு வராத குறைதான். வாக்குமூலமும் தீர்ப்பும் ஒரு சொல் பேசாமலே முடிந்தன.

ஈடித் கதையில் விதி இன்னும் கெட்டியாகிறது. கல்யாணமாகாமல் பெற்ற மேரிகோல்டு என்ற மகளை, வளர்ப்புப் பெண் என்று சொல்லி வீட்டில் வைத்திருக்கிறாள். பெர்ட்டி பெல்லம் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் சொல்லவில்லை. ஒருநாள் காலைச் சாப்பாட்டு மேஜையில் அக்கா மேரி, போகிற போக்கில் போட்டு உடைத்துவிடுகிறாள். பமுக் கடிதத்துக்குப் பழிக்குப் பழி, வட்டியோடு. குழந்தை இருப்பது பெர்ட்டிக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என்னை நம்பிச் சொல்லவில்லையே என்பதுதான் அவன் வருத்தம். பாடம் படித்த ஈடித், பிறகு பெர்ட்டியின் கண்டிப்பான அம்மாவிடம் தானே போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். வருங்கால மாமியார் முதலில் அதிர்ந்தாலும், இவ்வளவு நேர்மையான பெண்ணா என்று ஏற்றுக்கொள்கிறார். ‘என்ன சொன்னா அவ?’ என்று எங்கள் மாமியார் கேட்டார். விளக்கினேன். ‘மாமியார்கிட்ட சொன்னா எல்லாம் சரியாயிடும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

என் கட்சியும் அவர் கட்சியும் தோற்றுப்போன இந்தத் தேர்தலில் சத்தமில்லாமல் ஜெயித்தவர்கள் பட்லர் கார்சனும் மிஸஸ் ஹியூஸும். ஓய்வுக்காலத்துக்குச் சேர்ந்து ஒரு வீடு வாங்கலாம் என்கிறார் கார்சன். இந்த அம்மாளிடம் பணம் இல்லை. சித்தசுவாதீனமில்லாத தங்கையைப் பராமரிப்பதிலேயே சம்பாத்தியம் போய்விட்டது. மானத்துக்குப் பயந்து சாக்குச் சொல்லாமல், என்னிடம் இல்லை, காரணம் இதுதான் என்று சொல்லிவிடுகிறார். கார்சனோ அப்போதே, வீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழ்க்கை முழுக்க உங்களோடேயே மாட்டிக்கொள்ள ஆசை என்கிறார். இந்த வயதில் இதைவிட நல்ல காதல் வசனம் கிடையாது.

அதற்காக இவர்கள் அரிச்சந்திரன் பரம்பரை என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணம் நெருங்கும்போது மிஸஸ் ஹியூஸுக்கு ஒரு கவலை: இந்த வயதில் கார்சன் எதிர்பார்ப்பது பேச்சுத்துணையா, முழுத் தாம்பத்தியமா? நேரில் கேட்கக் கூச்சம். அதனால் சமையல்காரம்மா மிஸஸ் பேட்மோரைத் தூது அனுப்புகிறார். கார்சன் எதிரில் நின்று, முகம் தக்காளியாகி, சுற்றி வளைத்து, ஒன்றும் புரியாத மாதிரி பேசிவிட்டுத் திரும்பி ஓடி, மறுபடி போய் அந்த அம்மாள் பட்ட பாடு ஆறு சீசன்களின் உச்சக் காட்சி. பதில் தெளிவாகவே வந்தது: அவளோடு முழுசாகத்தான் வாழ விருப்பம். இந்த ஜோடியிடமும் உண்மை சமையலறை வழியாகத்தான் போனது. ஆனால் சேரவேண்டியவருக்குப் போய்ச் சேர்ந்தது. மற்ற எல்லாரையும்விட இவர்கள் மேல் என்பதற்கு எனக்கு அது போதும்.

கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை சுயரூபம் காட்டுகிறார். கறி வேகவில்லை, தட்டு சூடாக இல்லை, மாளிகையில் மிஸஸ் பேட்மோர் செய்வது போல இல்லை என்று தினமும் புகார். மிஸஸ் ஹியூஸ் சண்டை போடவில்லை. கையில் அடிபட்டுவிட்டது என்று ஒரு கட்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். அரசர் வந்தாலும் அசராத பட்லர், ஒரே ஒரு இரவுச் சாப்பாட்டைச் செய்து முடிப்பதற்குள் திண்டாடித் தெருவில் நின்று, களைத்துப்போகிறார். அன்றைக்கு அவர் கற்றுக்கொண்டது எந்த வாக்குவாதத்திலும் வந்திருக்காது.

சொத்து விஷயத்தில் ஒரு பைசா மறைக்காத பெண்மணி, கைவலி விஷயத்தில் துணிந்து பொய் சொல்கிறார். வெட்கப் பொய்யும் இல்லை, தியாகப் பொய்யும் இல்லை. இது குடும்பம் நடத்தும் பொய். பெரிய விஷயத்தில் உண்மை பேசிச் சேர்த்துவைத்த நம்பிக்கையிலிருந்து சின்னதாக ஒன்றைச் செலவு செய்கிறார், அவ்வளவுதான். பேட்ஸும் அன்னாவும் உயிரையே பணயம் வைத்தார்களே தவிர, இந்தச் சில்லறைச் செலவைச் செய்யத் தெரியாமல் போய்விட்டார்கள்.

வீட்டுக்காரர் இதை ஏற்கவில்லை. ‘அது ஏமாத்து வேலை’ என்றார். ‘கட்டின புருஷன்கிட்ட நடிக்கலாமா?’

மாமியார் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கேட்டார்: ‘உங்கப்பா இவ்வளவு நல்லா ரசம் வெக்கிறாரே, எப்பக் கத்துக்கிட்டார் தெரியுமாடா?’

‘உனக்குத் தோள்பட்டை புடிச்சுக்கிட்டு கையைத் தூக்க முடியாம இருந்தியே, அப்ப.’

‘ஆமா. அது சீக்கிரமே சரியாயிடுச்சு’ என்றார் மாமியார். ‘ரசம் நல்லா வந்துச்சு. அதனால சொல்லல.’